முழு ஆரஞ்சுப் பழம் போட்டுச் செய்யும் கேக்: தோல் கசப்பு, கருப்பட்டி, நம் ஊர்ப் பழங்கள்

பாளை அடுப்படி

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் நெருங்கினால் பாளையங்கோட்டையில் பாதி வீடுகளில் கேக் பேச்சுதான். பிளம் கேக் இருக்கட்டும், அதை யாரும் விட வேண்டாம். கூடவே மைதாவும் வெண்ணெயும் இல்லாத கேக் ஒன்றையும் இந்த முறை செய்து பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த இழை.

ஆரஞ்சுப் பழத்தைத் தோல், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி எல்லாவற்றோடும் முழுசாக வேகவைத்து, அரைத்து, அந்த விழுதில் செய்கிற கேக் இது. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதக் குடும்பங்கள் மத்தியதரைக் கடல் ஊர்களுக்குக் கொண்டுபோன பண்டம் என்று சொல்வார்கள். பஸ்கா நாட்களில் மாவுப் பண்டம் ஆகாது என்பதால் பாதாம் பொடியில் செய்வது அவர்களுக்குத் தோதாக இருந்தது.

நான் எடுக்கும் அளவு: நடுத்தர ஆரஞ்சு இரண்டு (இரண்டும் சேர்ந்து 350 முதல் 400 கிராம்), முட்டை 5, பாதாம் பொடி 200 கிராம், சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் இரண்டு. பழைய செய்முறைகளில் சர்க்கரையும் பாதாமும் 250 கிராம் வரை போகும். அவ்வளவு இனிப்பு தேவையே இல்லை.

பழத்தைக் கழுவி, முங்குகிற அளவு தண்ணீரில் போட்டு, திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 20 நிமிடம். கத்தி நுனி தோலில் தடையில்லாமல் இறங்க வேண்டும், அதுதான் பதம். ஆறியதும் அறுத்து விதைகளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு மிக்சியில் மை போல அரையுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, விழுதைக் கலந்து, பிறகு பாதாம் பொடி, பேக்கிங் பவுடர் சேர்த்து, பட்டர் பேப்பர் போட்ட 8 அங்குல டின்னில் ஊற்றி 170 டிகிரியில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். டின்னிலேயே முழுக்க ஆறிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் உடைந்துவிடும்.

எண்ணெய் ஒரு சொட்டு கூட இல்லாமல் எப்படி ஈரமாக இருக்கிறது என்று கேட்பார்கள். அந்த வெள்ளைப் பகுதியில் இருக்கும் பெக்டின்தான் காரணம். ஜாமை இறுகச் செய்வதும் அதேதான். வெந்து குழைந்ததும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் தோலென்று குப்பையில் போடுவதுதான் இந்தக் கேக்குக்கு உடம்பு.

மேலப்பாளையம் சமையல்

அக்கா, எங்கள் தெருவில் ஒருவர் இதையே சாத்துக்குடியில் செய்தார். சூடாகச் சாப்பிட்டபோது பரவாயில்லை, மறுநாள் வாயில் வைக்க முடியாத கசப்பு. விதை எல்லாம் எடுத்துத்தான் அரைத்திருக்கிறார். எந்தப் பழம் வாங்க வேண்டும், கசப்பை எப்படித் தவிர்ப்பது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

வி.கே.புரம் வாத்தியார்

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாத்துக்குடி ஜூஸைப் பிழிந்ததும் குடித்தால் இனிப்பு. இரண்டு மணி நேரம் வைத்திருந்து குடித்தால் கசப்பு. எல்லோரும் பார்த்திருப்போம். பழத்துக்குள் கசப்பில்லாத ஒரு சேர்மம் இருக்கிறது. பழம் முழுசாக இருக்கும்வரை அது அப்படியே இருக்கும். நசுக்கியதும் சாற்றின் புளிப்போடு சேர்ந்து மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. சூடு பட்டால் இன்னும் வேகம். விதையிலும் வெள்ளைத் தோலிலும் அது அதிகம். சாத்துக்குடி, நேவல் ஆரஞ்சு இரண்டிலும் இந்தத் தாமதக் கசப்பு தூக்கலாக இருக்கும். மறுநாள் கசந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். செய்தவர் கையில் குறை இல்லை, பழத்தின் குணம் அது.

பம்பளிமாஸ் கசப்பு வேறு. அதில் நாரிஞ்சின் என்ற பொருள் இருக்கிறது. அது வெந்நீரில் நன்றாகக் கரையும். சாதாரண இனிப்பு ஆரஞ்சின் வெள்ளைத் தோலில் பெரும்பாலும் இருப்பது ஹெஸ்பெரிடின். அதற்குச் சுவையே கிடையாது. வெள்ளைத் தோல் என்றாலே கசப்பு என்று எல்லாப் பழத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட முடியாது.

ஆகவே வழி: பழத்தை அறுக்காமல் முழுசாக வேகவைக்க வேண்டும், வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டும், விதையை அரைபடவிடக் கூடாது. சத்து போய்விடும் என்று அந்தத் தண்ணீரை மாவில் சேர்ப்பவர்கள் உண்டு. கசப்பும் தோல் எண்ணெயின் காரமும் அதில்தான் இறங்கியிருக்கும். தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

பாளை அடுப்படி

சார் சொன்னதோடு பழம் பற்றிச் சேர்க்கிறேன். நயினார்குளம் மார்க்கெட்டில் இந்த மாதங்களில் நாக்பூர் ஆரஞ்சு நிறைய வரும். தோல் மெல்லிசு, சதையை விட்டு விலகி நிற்கும், வெள்ளைப் பகுதி குறைவு, வாசனை அருமை. குக்கரில் 12 நிமிடமே போதும். விதை மட்டும் பொறுமையாக எடுக்க வேண்டும், ஒவ்வொரு சுளையிலும் இருக்கும். பழம் சின்னது என்பதால் இரண்டுக்கு மூன்றாகப் போடுங்கள், எடைதான் கணக்கு.

தோல் ஒட்டிய வெளிநாட்டு ஆரஞ்சில் வலென்சியா வகை நல்லது. விதை குறைவு, கசப்பும் கட்டுக்குள் இருக்கும். அதற்குத்தான் 20 நிமிடம். சாத்துக்குடிதான் வீட்டில் இருக்கிறது என்றால் அதன் தோலைப் பாதி சீவிவிட்டு, இரண்டு தண்ணீர் மாற்றி, அன்றே சாப்பிடுகிற மாதிரி சின்ன கேக்காகச் செய்யலாம். ஆனால் சாத்துக்குடித் தோலில் வாசனை கம்மி. எனக்கு அதில் மனசு வரவில்லை.

கடையம் மதினி

தண்ணீர் மாற்றும் வித்தை நமக்குப் புதுசா என்ன! நார்த்தங்காய்ப் பச்சடிக்கு ஆச்சி என்ன செய்வார்கள்? காயை வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி ஒரு கொதி. அப்புறம்தான் புளியும் வெல்லமும். கிடாரங்காய்க்கும் உப்பில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே அடுப்பு. கசப்பை முழுசாக எடுக்கவும் மாட்டார்கள், ஒரு பொட்டுக் கசப்பு நிற்க வேண்டும், அதுதான் ருசி.

இந்தக் கேக்கிலும் அதையே செய்கிறேன். ஆரஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். பிறகு புதுத் தண்ணீர், ஒரு கல் உப்பு, குக்கர். இப்படிச் செய்தால் பெரியவர்கள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை யாரும் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. ஆரஞ்சு மிதக்கும், மேல் பக்கம் வேகாமல் நிற்கும். ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

தென்காசிப் பையன்

மதினி, நார்த்தங்காயிலேயே இந்தக் கேக் செய்தால் என்ன? எங்கள் வீட்டுப் பின்னால் மரம் காய்த்துத் தொங்குகிறது. எலுமிச்சையிலும் ஆகுமா?

கடையம் மதினி

முழு நார்த்தங்காயில் வேண்டாம் தம்பி. தோல் மொத்தம், சதை கொஞ்சம், எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கேக்குக்கு ஒத்துவராத கசப்பு நிற்கும். இரண்டு ஆரஞ்சோடு நாலைந்து துண்டு வெந்த நார்த்தைத் தோலைப் பொடியாக நறுக்கிச் சேர், வாசனை தூக்கிக் கொடுக்கும். மீதிக் காய்க்கு உப்பு போட்டு வெயிலில் வை. ஊறுகாயாக அது பெறும் மரியாதை கேக்கில் கிடைக்காது. எலுமிச்சைக்குப் புளியங்குடி ஆள் யாராவது பதில் சொல்லட்டும்.

புளியங்குடித் தோட்டம்

சொல்கிறேன் மதினி. எங்கள் ஊர் எலுமிச்சைக்கு 2025ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசலாம்.

முழு எலுமிச்சை மட்டும் போட்டுக் கேக் செய்தால் புளிப்பும் கசப்பும் சேர்ந்து அடிக்கும், அதை ஈடுகட்டச் சர்க்கரையை இரட்டிப்பாக்க வேண்டி வரும். அப்புறம் ஆரோக்கியம் எங்கே இருக்கிறது? இரண்டு ஆரஞ்சுக்கு ஒரு எலுமிச்சை, அதுதான் சரியான விகிதம். நன்றாகப் பழுத்து மஞ்சளானதாக எடுங்கள். கரும்பச்சைக் காயின் தோல் கசப்பும் காரமும் கூடுதல். தோல் மெல்லிசாக, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சோடு சேர்த்து வேகவைக்காமல் தனியாக, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவையுங்கள். குறுக்கே அறுத்தால் விதை சுலபமாக வரும். நம் எலுமிச்சையில் விதைக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று. தோலோடு சாப்பிடப் போகிறோம் என்பதால் மருந்தடிப்பு பற்றிக் கேட்டு வாங்குங்கள். வீட்டு மரத்துப் பழமோ, தெரிந்த தோட்டத்துப் பழமோ கிடைத்தால் அதற்கு ஈடில்லை. விவசாயியிடம் கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கேட்கிறவர்கள் வந்தால்தான் எங்களுக்கும் அடிக்காமல் வளர்க்க ஊக்கம் வரும்.

மேலப்பாளையம் சமையல்

அண்ணாச்சி சொன்னதும் ஞாபகம் வந்தது. கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டி வரும் ஆரஞ்சில் மெழுகு பூசியிருக்கிறதே, அதைத் தோலோடு சாப்பிடலாமா?

வி.கே.புரம் வாத்தியார்

தேன்மெழுகு, கார்னுபா மெழுகு, அரக்கு ஆகியவற்றைப் பழத்தின் மேல் பூச நம் உணவுச் சட்டம் அனுமதிக்கிறது, பூசியிருப்பதை லேபிளில் சொல்லவும் வேண்டும். அந்த மெழுகால் கெடுதல் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது மெழுகோடு சேர்த்துப் பூசப்படும் பூஞ்சைக் கொல்லி. தொலைதூரம் கப்பலில் வரும் பழம் அழுகாமல் இருக்க அறுவடைக்குப் பிறகு அதை அடிப்பார்கள். பெரும்பகுதி தோலில்தான் நிற்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கல் உப்பு போட்டு ஊறவைத்து, தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். மதினி சொன்ன முதல் கொதித் தண்ணீரைக் கொட்டுவதும் இதற்கு உதவும். முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். வாரம்தோறும் செய்பவர்கள் மெழுகு பூசாத நாக்பூர் ஆரஞ்சையோ குடகு ஆரஞ்சையோ தேடி வாங்குவது நல்லது.

உடன்குடிக்காரி

இவ்வளவு பேசியும் யாரும் கருப்பட்டியைத் தொடவில்லையே! சர்க்கரை 150 கிராமுக்குப் பதில் கருப்பட்டி போட்டால்தானே அது ஆரோக்கியக் கேக்? எங்கள் ஊர்க் கருப்பட்டியைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தேன் பதத்துக்கு வற்றவிட்டு, ஆறிய பிறகு முட்டையோடு சேர்த்து அடியுங்கள். வடிகட்டாமல் போட்டுவிடாதீர்கள், மண்ணும் தும்பும் பல்லில் மாட்டும். கூடவே கால் டீஸ்பூன் சுக்குப்பொடி. ஆரஞ்சும் சுக்கும் கருப்பட்டியும் சேரும் வாசனை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

பாளை அடுப்படி

எனக்கு இதில் கருத்து வேறு. கருப்பட்டி போட்டால் கேக் கறுத்து, ஆரஞ்சு வாசனை அடியில் போய்விடுகிறது. பழத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் பனையின் ருசியைக் கொடுத்த மாதிரி ஆகிறது. பாதிக்குப் பாதி போட்டால் இரண்டும் நிற்கும்: 75 கிராம் சர்க்கரை, 75 கிராம் கருப்பட்டி. முட்டை நுரைப்பதற்கும் சர்க்கரை கொஞ்சம் வேண்டும். பாகை மட்டும் ஊற்றினால் கேக் அடர்த்தியாக உட்கார்ந்துவிடும்.

உடன்குடிக்காரி

அடர்த்தியாக இருந்தால் என்ன அக்கா, அல்வா ஊர்க்காரர்கள் நாம், மெத்தென்று இருந்தால்தான் பண்டமா? ஆனால் பாதிப் பாதி யோசனை நியாயமாகப் படுகிறது. சீசன் தவறி வரும் மலிவுக் கருப்பட்டியில் சீனி கலந்திருக்கும், அதை வாங்கிப் போட்டுவிட்டுக் கருப்பட்டிக் கேக் என்று சொல்ல வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

அம்பை மருந்தகம்

மருந்துக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாம் என்று யாரும் யாருக்கும் சொல்லாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். தாதுக்கள் கொஞ்சம் உண்டு, ஒரு துண்டுக் கேக்கில் வரும் அளவு மிகச் சொற்பம். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

அக்கா அளவுப்படி 150 கிராம் சர்க்கரையில் பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு 15 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. ஒரு துண்டிலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது, அதற்கு மேல் காபி, டீயில் போடுவது வேறு. பாதாம், முட்டை எல்லாம் சேர்த்து ஒரு துண்டு 230 கலோரி அளவுக்கு வரும். குறைந்த கலோரிப் பண்டம் இல்லை இது.

அப்படியானால் இதில் என்ன நன்மை? நார்ச்சத்து. தோலோடு 400 கிராம் ஆரஞ்சில் ஏறக்குறைய 18 கிராம், 200 கிராம் பாதாமில் 25 கிராம். ஒரு துண்டுக்கு 4 கிராம் வருகிறது. மைதாக் கேக்கில் ஒரு கிராம் கிடைப்பதே அபூர்வம். மைதா இல்லை, சேர்த்த கொழுப்பு இல்லை, புரதம் இருக்கிறது. வைட்டமின் சி மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரிலும் அடுப்புச் சூட்டிலும் அதில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு ஒரு ஆரஞ்சை உரித்து அப்படியே சாப்பிடுங்கள்.

பம்பளிமாஸ் பேச்சு வந்ததால் இன்னொன்று. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் எடுப்பவர்களும், இரத்த அழுத்தத்துக்கு ஃபெலோடிபின் போன்ற சில மாத்திரைகள் எடுப்பவர்களும் பம்பளிமாஸ், கிரேப் ஃப்ரூட், கசப்பு ஆரஞ்சு இவற்றைத் தோலோடு சமைத்த பண்டங்களைத் தவிர்க்க வேண்டும். மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழங்கள் குடலில் தடுத்துவிடுகின்றன, மருந்து உடம்பில் அளவுக்கு மேல் ஏறிவிடும். இனிப்பு ஆரஞ்சிலும் கமலா ஆரஞ்சிலும் இந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் எந்தப் பழத்தில் செய்தீர்கள் என்று சொல்லிப் பரிமாறுங்கள்.

தென்காசிப் பையன்

மிக்க நன்றி அண்ணாச்சி. எங்கள் தாத்தா கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். பம்பளிமாஸில் செய்து பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன், ஆரஞ்சுக்கே வந்துவிடுகிறேன்.

சைவச் சமையல் டவுன்

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை, ஓவனும் இல்லை. பாதாம் விலையும் கட்டுப்படியாகவில்லை. எங்களுக்கு வழி உண்டா, இல்லை ஜூஸ் குடித்துவிட்டு இருந்துவிட வேண்டியதுதானா?

கடையம் மதினி

ஏன் இல்லாமல்! முட்டை இல்லாத இடத்தில் பாதாம் பொடி மட்டும் நிற்காது, பிடிப்புக்கு ரவையும் கோதுமை மாவும் வேண்டும். வறுத்த ரவை ஒரு டம்ளர், கோதுமை மாவு அரை டம்ளர், தேங்காய்த் துருவல் கால் டம்ளர், சர்க்கரை முக்கால் டம்ளர், கெட்டித் தயிர் அரை டம்ளர், கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, ஒரு பெரிய ஆரஞ்சின் விழுது. கலந்து அரை மணி நேரம் ஊறவிடு. ரவை ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகும், இறுகினால் பால் விட்டு இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக வை. கடைசியில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. ஆரஞ்சும் தயிரும் புளிப்பு என்பதால் அதுவே பொங்க வைக்கும், பேக்கிங் பவுடர் தனியாக வேண்டாம். சோடா கூடினால் சவர்க்கார வாடை வரும், கை நிதானம் முக்கியம்.

அடுப்புக்கு: கனமான அலுமினியக் குக்கரில் இரண்டு விரல் உயரம் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட். கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை வைத்து மூடி, சிறுதீயில் 45 முதல் 55 நிமிடம். இடையில் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. அந்த உப்பை எடுத்து வைத்து அடுத்த கேக்குக்கும் பயன்படுத்தலாம், சமையலுக்கு மட்டும் சேர்க்காதே.

பாளை அடுப்படி

பாதாம் விலைக்கும் ஒரு வழி. முட்டை சேர்ப்பவர்கள் 200 கிராமில் பாதியைத் தோல் நீக்கி லேசாக வறுத்த வேர்க்கடலைப் பொடியாகப் போடலாம். கடலை வாசனை வரும், ஏலக்காயோடு நன்றாகவே இருக்கும். மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து கூழாகிவிடும். முந்திரி போட்டவர்கள் நன்றாக வந்ததாகச் சொன்னார்கள், ஆனால் செலவு குறையாது.

சைவச் சமையல் டவுன்

மதினி சொன்னபடி நேற்றுச் செய்தேன். நாக்பூர் ஆரஞ்சு, முதல் தண்ணீர் கொட்டியது, குக்கர், உப்பு, எல்லாம் அப்படியே. 50 நிமிடத்தில் குச்சி சுத்தமாக வந்தது. கசப்பு துளியும் இல்லை, தோல் போட்டிருக்கிறது என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. மேல் பக்கம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது, நிறம் ஏறவில்லை. எத்தனை நாள் வெளியே வைக்கலாம்?

கடையம் மதினி

ரொம்ப சந்தோஷம். குக்கரில் மேல்சூடு இல்லை, அதனால் நிறம் ஏறாது. கவிழ்த்துப் பரிமாறு, அடிப்பக்கம் சிவந்து அழகாக இருக்கும். பழ ஈரமும் தேங்காயும் இருப்பதால் நம் ஊர்ச் சூட்டில் அன்றைக்கு மட்டும் வெளியே இருக்கட்டும், மறுநாள் முதல் ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பாளை அடுப்படி

பாதாம் கேக்கானால் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள். செய்த அன்றைவிட மறுநாள் ருசி கூடும், கிறிஸ்துமஸுக்கு என்றால் 23ஆம் தேதி இரவே செய்துவிடுங்கள். ஆரஞ்சு மலிவாக வரும்போது வேகவைத்து அரைத்து, ஒரு கேக்குக்கு வேண்டிய அளவு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் கெடாது. என் ஃப்ரீசரில் இப்போதே நாலு டப்பா இருக்கிறது. பாளையில் யாருக்காவது வேண்டுமானால் இங்கேயே சொல்லுங்கள்.